இறுக்கிய ரப்பர் குழாய்

இதை நான் கொலை என்றுதான் சொல்வேன், சட்டம் சொல்லாது.

குருவிட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். பால் வெட்டும் மாரியாயி முகமும் காலும் வீங்கி வந்தாள். ரத்தத்தில் புரதம் குறைந்திருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டார். கொழும்பில் அளந்து பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். குறைவென்றால் அவளுக்கு ஓய்வும் முட்டையும் கிடைக்கும்.

அவள் கையில் ரப்பர் குழாயை இறுக்கினேன். அந்நேரம் பார்த்து எனக்குத் தேநீர் வந்தது.

"கை மரத்துப் போச்சுங்க ஐயா, கொஞ்சம் அவுத்து விடுங்க."

"பொறடி! கை கட்டினதுக்கு ஒருத்தரும் சாகேல்லை."

ஆறுதலாகக் குடித்து முடித்த பிறகே ஊசியை ஏற்றினேன்.

புரதம் சரியாக இருப்பதாக முடிவு வந்தது. டாக்டர் அவளை வேலைக்கு அனுப்பினார். அடுத்த மாதம் மரத்தடியில் பால் வாளியோடு சரிந்தவள் எழவே இல்லை.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "கையைக் கனநேரம் கட்டினா ரத்தத்துத் தண்ணி வெளிய கசிஞ்சு, புரதம் உள்ளதைவிடக் கூடுதலாக் காட்டும். எவ்வளவு நேரம் கட்டி வைச்சிருந்தனீர்?"

"உடனேயே அவிழ்த்திட்டன், ஐயா."

அவர் நம்பிவிட்டார். அவள் என்னிடம் கேட்டதும் அவிழ்த்து விடுவது ஒன்றைத்தான்.