கண்ணாடியில் ஒட்டிய மாதா

திண்டிவனம் சகாயராஜிடம் போய் பஸ் பொம்மை வேண்டும் என்று கேட்டுவிடக் கூடாது. "பொம்ம தேர்த்திருவிழாக் கடையில கெடைக்கும், அங்க போங்க" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவான். மாடல் என்று சொன்னால்தான் நிமிர்ந்தே பார்ப்பான். நிஜ பஸ்ஸில் பதினெட்டு சென்டிமீட்டர் இருப்பது இவனிடம் ஒரு சென்டிமீட்டர். அதில் மயிரிழை பிசகினாலும் உடைத்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற கிறுக்கன். பேஸ்புக்கில் படம் பார்த்து சேலத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் கேட்டார்கள். ஒரே ஒரு வீம்பு மட்டும் உண்டு: முன்கண்ணாடியில் எதையும் ஒட்ட மாட்டான். சாமி படம் கேட்டால், "கண்ணாடில டெக்கால் ஸ்டிக்கர் நிக்காதுங்க" என்று கூசாமல் பொய் சொல்வான்.

2013 ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு காலையில், சீனுவாசன் என்ற பெரியவர் விழுப்புரத்திலிருந்து வந்தார். அரிசி மில் வாட்ச்மேன். சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். மாலை போட்ட ஒரு டவுன் பஸ். பக்கத்தில் காக்கிச் சட்டையில், தலை நரைக்காத சீனுவாசன். கண்ணாடியில், டிரைவருக்கு இடப்பக்கக் கீழ்மூலையில் பெரிதாக ஒரு மாதா படம். பார்த்த மாத்திரத்தில் சகாயராஜ் போட்டோவை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

"இந்த வண்டிதான் வேணும் தம்பி. டிரைவர் சீட்டு, முன்கண்ணாடி ரெண்டும் அளவு தப்பக் கூடாது. சீட்டுக்குப் பின்னாலருந்து கண்ண வச்சுப் பாக்கற மாதிரி, பின்பக்கம் தொறந்து வுடு."

"எதுக்குண்ணே?"

"அவ எங்கேருந்து வந்தான்னு பாக்கணும்."

1999இல் கோலியனூர் அருகே நடந்த கதை அது. காலை பத்து மணி, பளிச்சென்ற வெயில். தலையில் மல்லாட்டைக் கடலை மூட்டையோடு முனியம்மாள் என்ற கூலிக்காரப் பெண் இடப்பக்கமிருந்து ரோட்டைக் கடந்தாள். மோதிய சத்தம் கேட்கும்வரை சீனுவாசன் அவளைப் பார்க்கவே இல்லை. பட்டப்பகலில் ஒரு மனுஷி கண்ணில் படவில்லை என்றால் என்ன அர்த்தம்? கோர்ட்டில் அவரே, "கண்ணசந்துட்டேன் போல இருக்குதுங்கய்யா" என்று சொல்லிவிட்டார். ஜெயில், லைசென்ஸ் ரத்து, எல்லாம் ஆயிற்று.

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு தம்பி. ஆனா தூங்காம இருந்தா ஆளு தெரியாம போவுமா? மொத நாள் சாயங்காலம்தான் மாதா படம் ஒட்டி, மாலை போட்டு இந்தப் போட்டோ எடுத்தாங்க. தொட்டுக் கும்புட்டுதான் வண்டி எடுத்தேன். அவளும் கைவுட்டுட்டா." பெரியவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க வூட்ல கோவிந்தம்மா, அன்னிலேருந்து நான் சைக்கிள் எடுத்தாகூட பின்னால ஒக்கார மாட்டா. பேத்தியக் கூட்டிக்கினு ரோட்டத் தாண்ட வுட மாட்டா. தூங்கிட்டு ஒருத்தியக் கொன்னவனாச்சே."

சகாயராஜ் தலையைக் குனிந்துகொண்டான். அந்த மாதாவை ஒட்டியது அவன்தான்.

அப்போது அவனுக்கு ஸ்டிக்கர் வேலை. பஸ் முதலாளி தேவசகாயம் ஒரு சாண் படம் போதும் என்றார். மாதாவுக்குக் கஞ்சத்தனமா என்று இவன் இரண்டு சாணில் ஒட்டினான். வெளியே ஸ்டூல் போட்டு நின்று அழகு பார்த்தானே தவிர, டிரைவர் சீட்டில் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கவில்லை. விபத்துக்கு மறுநாள், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்ற வண்டியிலிருந்து படத்தை எடுத்து வரச் சொல்லி முதலாளி அனுப்பினார். ஆள் செத்த வண்டியில் மாதா கிடக்கலாமா என்பது அவர் பக்தி. சகாயராஜ் ஏறி, முதன்முதலாக அந்த சீட்டில் உட்கார்ந்தான். வெளியே ஏட்டு பேசிக்கொண்டிருந்தார். குரல் கேட்டது. ஆளைக் காணோம். மாதாவுக்குப் பின்னால் முழுசாக மறைந்துபோயிருந்தார்.

படத்தைப் பிய்த்துச் சுருட்டி எடுத்து வந்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் என்பார்களே, இவன் ஒரு மனுஷியையே மறைத்தான். அதன்பிறகு நிஜ பஸ்ஸைத் தொடவில்லை.

இப்போது என்ன செய்வது? போட்டோவில் படம் இருக்கிறது. ஒட்டாமல் விட முடியாது. ஆனால் சின்னதாக ஒட்டலாமே! இருபத்தைந்து மில்லிமீட்டருக்குப் பதினைந்து. யார் அளக்கப் போகிறார்கள்? சீனுவாசன் எட்டிப் பார்ப்பார், ரோடு தெரியும், பழி அவர் தலையிலேயே கிடக்கும்.

சின்னதாகவே அச்சடித்தான். மை கரையாமலிருக்க மேலே கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவைத்தான். வெட்டித் தண்ணீரில் நனைத்ததும் தாளிலிருந்து படலம் நழுவியது. கண்ணாடிமேல் அதை நகர்த்தி வைத்து, பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்தான். காய்ந்ததும் பார்த்தால் அடியில் வெள்ளை பூத்திருந்தது. காற்று அடைபட்டால் அப்படி ஆகும், புதிது இல்லை. ஆனால் அந்த வெள்ளை, தலையில் மூட்டையோடு ஒருத்தி நிற்பது போலவே இருந்தது.

உரித்துவிட்டு வேறு ஒட்டினான். மறுபடி வெள்ளை. ஊசியால் குத்தி, வினிகர் தடவிப் பார்த்தான். மூன்றாவதிலும் அவள் அங்கேயே நின்றாள். மழைக்கால ஈரம் என்று யாரும் சொல்லலாம்; அவனும் சொல்லிக்கொண்டான், நம்பத்தான் முடியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும். ஒருநாள் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை.

அப்புறம் இருபத்தைந்து மில்லிமீட்டரில் ஒன்று அச்சடித்தான். அது கண்ணாடியோடு கண்ணாடியாக, ஒரு பொட்டு வெள்ளையில்லாமல் படிந்தது. மனசு மாறுவதற்குள் மேலே கிளியரை அடித்து மூடினான். இனி அவனே நினைத்தாலும் உரிக்க முடியாது.

சீனுவாசன் வந்தார். பஸ்ஸை மேசைமேல் வைத்து, சீட்டுக்குப் பின்னால் கண்ணை வைத்தார். சகாயராஜ் ஒரு பஞ்சுக்குச்சியை ரப்பர் துண்டில் குத்தி நிறுத்தினான். மாடல் கணக்குக்கு முனியம்மாள் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதை இடப்பக்கம், ரோட்டோரமாக வைத்தான்.

"வையி தம்பி."

"வச்சிட்டேண்ணே."

"எங்க வச்ச? காணலியே."

"ரோட்டு மேலதான் நிக்குது."

தலையைத் தூக்கிப் பார்த்தார். குச்சி நின்றது. குனிந்தார். இல்லை. மூன்று தடவை அப்படியே செய்தார். பிறகு விரலை உள்ளே விட்டு, மாதா படத்தை நகத்தால் சுரண்டினார்.

"வராதுண்ணே. மேல கிளியர் அடிச்சிட்டேன்."

"அன்னிக்கு இத ஒட்டினது யாரு?"

"நான்தாண்ணே. மறுநாளே ஒங்க சீட்ல ஒக்காந்து பாத்துட்டேன். தெரிஞ்சும் பிச்சி எடுத்துக்கினு வந்துட்டேன். பயம்."

அறை விழும் என்று காத்திருந்தான். விழுந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். சீனுவாசன் பஞ்சுக்குச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மாடலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சகாயராஜின் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"எழுந்திரு. விழுப்புரம் பஸ்ஸப் புடிக்கலாம். கோவிந்தம்மாகிட்ட உன் வாயால சொல்லு, நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன்னு."