எல்லை தாண்டிய ட்ரோனும் நான் எழுதிய மனுவும்

போன சம்பாவில், கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் மகளிர் குழுவின் ட்ரோனைச் சுரங்கக் காவலர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ஓட்டியவள் நான். என்னிடம் அப்போது ஓட்டுவதற்கான சான்றிதழ் இல்லை. அன்பர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்ல வாய் வராமல்தான் நான் அவ்வளவு அவதிப்பட்டேன்.

என் பெயர் கலாவதி. பிறந்தது வளையமாதேவிப் பக்கம், வாழ்க்கைப்பட்டது மந்தாரக்குப்பம். கணவருக்கு அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பத்துப் பெண்கள் சேர்ந்த எங்கள் குழுவுக்கு வயலில் மருந்து தெளிக்கிற ட்ரோன் ஒன்று வந்தது. பத்தாவது பாஸ் செய்தவள், வாயாடி, பயப்படமாட்டாள் என்று என்னைத்தான் பயிற்சிக்கு அனுப்பினார்கள். தேர்வும் எழுதிவிட்டேன். சான்றிதழ் வரும்வரை ஏற்றக் கூடாது என்று அங்கே படித்துப் படித்துச் சொன்னார்கள். எந்த இடமானாலும் முதலில் அரசாங்க வரைபடத்தைத் திறக்க வேண்டும். பச்சை என்றால் போகலாம். சிவப்பு என்றால் மேலிடத்து அனுமதி இல்லாமல் தரையை விட்டே கிளப்பக் கூடாது.

சான்றிதழ் வருவதற்குள் காசி மாமா வந்துவிட்டார். அம்மா வழிச் சொந்தம். அவர் நெல்லில் இலைச்சுருட்டுப் புழு.

"ஒரு ஏக்கருதாம்மா. தழையெல்லாம் சுருட்டிகினு போவுது. ஆளு கெடைக்கல. வந்து அடிச்சிட்டுப் போயேன்" என்றார்.

பரீட்சைதான் எழுதியாகிவிட்டதே என்று போனேன். வரைபடத்தைத் திறக்கவில்லை. நான் ஓடி விளையாடிய வயலுக்கு வரைபடம் எதற்கு என்ற திமிர். எந்த இடம்வரை பறக்க வேண்டும் என்று ரிமோட்டில் குறிக்க, வரப்பைச் சுற்றி நடக்க வேண்டும். நடந்தேன். கால் தானாகப் பழைய வரப்பில் போனது. மாமா வயலை ஒட்டிய கடைசி இரண்டு துண்டும் எங்கள் அப்பாவுடையவை. சுரங்கத்துக்கு எடுத்து வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனால் இன்னும் தோண்டவில்லை. உதிர்ந்த நெல் முளைத்துப் பச்சையாகத்தான் கிடந்தது. அதையும் சேர்த்துக் குறித்துவிட்டேன். ட்ரோன் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, அங்கேயும் போய் மருந்தடித்தது. பத்து நிமிஷத்தில் ஜீப் வந்தது. சுரங்க எல்லை, சிவப்பு மண்டலம் என்றார்கள். பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொண்டு, மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள்.

குழுத் தலைவி அஞ்சலை அக்கா திட்டவில்லை. "உன்ன நம்பித்தான கலா பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டோம்" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. வழக்கு என்று ஆனால் என் சான்றிதழ் போகும், ட்ரோனும் போகும். பத்து வீட்டுப் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்ற பேர்தான் எனக்கு மிச்சம்.

கணவர் வழி சொன்னார். "நீ ஓட்டலன்னு சொல்லிடு. ட்ரெய்னர் வந்து டெமோ காட்னாரு, காத்துல இழுத்துகினு போய்ட்ச்சின்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

சரி என்றுதான் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலம் டவுன்ஷிப் நடராஜர் கோயிலுக்குப் போனேன். அங்கே சுவாமிக்கு மனு எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மணி அடிக்கும் வழக்கம் உண்டு. மறுநாள் ஆபீசில் சொல்லப்போவதை ஒத்திகை பார்ப்பதுபோல எழுதத் தொடங்கினேன். "சுவாமி, காற்று இழுத்துக்கொண்டு போனதால்..." பேனா நின்றது. அந்தக் காற்றும் அவனுடையதுதானே, அவனிடமே அதன்மேல் பழி போடுகிறாயா என்று மனசு கேட்டது. தாளைக் கிழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் கிழித்தேன். மூன்றாவது தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினேன். வரைபடம் பார்க்கவில்லை. போய்விட்ட நிலத்தை இன்னும் எங்களுடையது என்று கால் நினைத்துவிட்டது. இதை எழுதும்போது அழுதேன். ட்ரோனைத் திருப்பிக் கொடு என்று கேட்கக்கூட மறந்துவிட்டேன். மணி அடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அதையே இன்னொரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுத்தேன். கணவர் வெளியே தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். ஒன்பது நாள் கழித்துக் கூப்பிட்டார்.

"மெஷின்லயே எல்லாம் பதிவாகும்மா. யார் பேர்ல ஓடிச்சு, எங்க குறிச்சீங்க, எத்தனை நிமிஷம் பறந்தது, காத்து எவ்ளோன்னு எல்லாமே இருக்கு. நீங்க எழுதினதும் அதுவும் ஒண்ணா இருக்கு. பொய் சொல்லியிருந்தா நான் மேல அனுப்பியிருப்பேன், வேற வழி இல்ல."

பயிற்சியில் இதையும் சொல்லியிருப்பார்கள், என் காதில் ஏறவில்லை. அந்தப் பொய் அரை மணி நேரம் நின்றிருக்காது. பொய் எழுதப்போன கையைக் கோயிலில் தடுத்துப் பிடித்தது யார்? எனக்குத் தெரியும்.

சான்றிதழ் இல்லாமல் இனி ஏற்றமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு ட்ரோனைக் கொடுத்தார்கள். பயிற்சி மையத்திலும் நானே போய்ச் சொன்னேன். திரும்பத் தேர்வு எழுது என்றார்கள். எழுதினேன். மாசியில் சான்றிதழ் வந்தது. இன்றைக்குச் சுற்றுவட்டார வயல்களில் நான்தான் மருந்தடிக்கிறேன். ஒரு நிமிஷ வேலைதானே என்று யார் கெஞ்சினாலும், வரைபடம் பார்க்காமல் ட்ரோன் பெட்டியைத் திறப்பதில்லை. கலாவதிக்குக் கொழுப்பு என்கிறார்கள். இருக்கட்டும்.

காசி மாமா வயலுக்கும் போகிறேன். இரண்டு துண்டுக்கு முன்னாலேயே ட்ரோன் திரும்புகிறது. மனசு வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிப்பதில்லை.

கஷ்டத்தில் இருக்கிற அன்பர்களே, சுவாமியிடம் போங்கள். கட்டாயம் கேட்பார். ஆனால் நமக்கு வேண்டியதை மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள், நாம் செய்ததையும் எழுதுங்கள். என் மனுவில் வேண்டுதல் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்க மறந்ததைத்தான் அவர் நிறைவேற்றினார்.