ஐயர் குடிக்காத தண்ணீர்

அது ஓர் எவர்சில்வர் டம்ளர். அதற்கு ஒரு மூடி உண்டு. மூடியின் நடுவில் பிடித்துத் தூக்க ஒரு சின்னக் குமிழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணி அடித்த பிறகு அந்த டம்ளரைத் துலக்கித் தண்ணீர் நிரப்பி, பிரசங்க மேடையின் இடது ஓரத்தில் வைப்பது என் வேலை. ஆராதனை முடிந்ததும் எடுத்து வந்து, மிச்சத்தை வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் செடிக்கு ஊற்றிவிடுவேன். ஐயருடைய டம்ளரில் நான் குடித்ததில்லை. குடிக்கக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எனக்கே குடிக்கத் தோன்றியதில்லை. முதல் சில வருஷங்கள் செடிக்குக் கிடைத்தது அடியில் தங்கிய ஒரு வாய் தண்ணீர்தான். பிறகு ஒரு வெயில் காலத்தின் தொடக்கத்தில் டம்ளர் நிரம்பியபடியே திரும்பி வந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அந்தக் கோடையில் மற்ற செடிகளெல்லாம் வாடியபோது குரோட்டன்ஸ் மட்டும் தழைத்து நின்றது.

எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். மிஷன் காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. சித்தூரிலிருந்து தமிழ்நாட்டு எல்லைக்குப் போகும் சாலையைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். முன்பு எங்களில் யாருக்கும் நிலம் கிடையாது. இப்போது சிலருக்கு அரை ஏக்கர், ஓர் ஏக்கர் உண்டு. மற்றவர்களுக்குக் கூலி வேலை, மாங்காய் சீசனில் ஜூஸ் ஃபேக்டரி. நானும் ஃபேக்டரிக்குப் போகிறவன்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஆலயத்தைத் திறந்து மூடும் வேலையை நான் விரும்பி ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், அதற்கு யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதுதான்.

டம்ளரை நிரம்பியபடியே திருப்பிய அந்த ஐயர் தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். உயரமான மனிதர். அறுபதை நெருங்கிய வயது, படித்த குடும்பம். வந்த புதிதில் ஒவ்வொரு வீடாக வந்து ஜெபம் பண்ணினார். உட்கார்ந்ததும், “கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா” என்று அவரே கேட்டு வாங்கிக் குடிப்பார். அவருக்கு அது வெறும் தாகம். எங்களுக்கு அப்படி இல்லை. என் நைனா காலத்தில் நிலக்காரர் வீட்டு வாசலில் குனிந்து கையைக் குவித்தால்தான் தண்ணீர், மேலிருந்து ஊற்றுவார்கள். அவர்கள் எங்கள் தெருப்பக்கம் வந்தால் நாக்கு வறண்டாலும் தண்ணீர் கேட்க மாட்டார்கள். ஆகவே, ஐயர் எங்கள் சொம்பை வாய் வைத்துக் குடித்தது ஊரெல்லாம் பேச்சாயிற்று. இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

டம்ளர் நிரம்பித் திரும்ப ஆரம்பித்த அதே சமயத்தில் வீடுகளிலும் அவர் குடிப்பதை நிறுத்தினார். காபி என்றால் இப்போதுதான் குடித்தேன் என்பார். மோர் என்றால் சளி பிடித்திருக்கிறது என்பார். பிறகு வருவதையே குறைத்துக்கொண்டார். நாங்கள் புது வீடு கட்டி ஜெபத்துக்கு அழைத்தபோது என் மனைவி பாயசம் வைத்திருந்தாள். ஐயர் நின்றபடியே ஜெபம் செய்தார். பாயச டம்ளரை முன்னால் வைத்ததும் அதைத் தொட்டு ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கிட்டத்தட்ட ஓடுவதுபோல மோட்டார் சைக்கிளுக்குப் போனார்.

“பாத்தியா?” என்றாள் மனைவி. “நம்ம வூட்டு டம்ளரு இப்ப அவருக்குக் கசக்குது. வந்த புதுசுல சும்மா நடிச்சிக்கினு இருந்திருக்காரு.”

“வேற எங்கனா அர்ஜெண்டா போவணும்னு இருந்திருக்கும்.”

“இன்னா அர்ஜெண்டு? ஒரு வாய் பாயசம் குடிக்க எத்தினி நேரம் ஆவும்?”

ஆலயத்திலும் சில மாற்றங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணுகிறவர் கால் மணி நேரத்தில் முடித்தார். ஆராதனை தொடங்கும் முன் கேட் ஓரத்துக் கழிப்பறைக்கு இரண்டு மூன்று தடவை போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று. உள்ளே தனியாக ஜெபம் பண்ணுகிறாரோ என்றுகூட நினைத்தேன். ஆராதனை தொடங்கிவிட்டால் அங்கே போக வழியில்லை. அங்கியோடு பீடத்திலிருந்து இறங்கி, சபை முழுவதையும் தாண்டி, பெண்கள் பக்கத்தை ஒட்டித்தான் போக வேண்டும். பிரசங்கத்தின் நடுவே அவர் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்ப்பார். கொசு கடிக்கிறது என்று நினைத்து மேடைக்கு அடியில் கொசுவர்த்தி ஏற்றி வைத்தேன்.

எங்கள் சபை மூப்பர் ஆட்டோ ஓட்டுகிறவர். மனதில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது. அவர் வீட்டிலும் ஐயர் காபியைத் தொடவில்லை என்று தெரிந்ததும் ஊரைக் கூட்டிவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் வேன் பிடித்துப் போய்ப் பிஷப்பைப் பார்த்து, வேறு ஐயரைக் கேட்பது என்று முடிவாயிற்று. பெரிய வெள்ளியன்று எங்களுக்கு மூன்று மணி நேர ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். அந்த வருஷம் மூப்பர் மறுத்துவிட்டார். மற்றவர்களும் பின்வாங்கினார்கள். “ஏழையும் அவரே பேசட்டும். நம்ம வாயில இருந்து வர்றது அவருக்கு ஆவாதோ இன்னாவோ” என்றார் மூப்பர்.

ஏழையும் ஐயரே பேசினார். உச்சி வெயிலில் ஆரம்பித்த ஆராதனை. மின்விசிறிகள் அனலைத்தான் இறைத்தன. ஐந்தாம் வார்த்தை தாகத்தைப் பற்றியது. அதைப் பேசும்போது அவர் உதடு வெடித்திருந்தது. டம்ளர் மூடி போட்டபடியே இருந்தது. மேடையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கடைசி ஜெபத்தை அவர் முடித்ததும் வழக்கப்படி எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் கலைந்து போனார்கள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு பீடத்தின் பக்கத்து அறைக்குப் போனேன். ஐயர் பெஞ்சில் ஒருக்களித்துக் கிடந்தார். அங்கி வேர்வையில் ஒட்டியிருந்தது. அடிவயிற்றைக் கையால் பொத்தியிருந்தார்.

“தம்பி, காலையிலேருந்து ஒண்ணுக்குப் போகல” என்றார். “இப்ப போனா வரமாட்டேங்குது. முட்டிக்கிட்டு நிக்குது. யார்கிட்டயும் சொல்லிராதீங்க.”

சொல்லாமல் எப்படி? வண்டி வேண்டும். பக்கத்தில் இருந்த ஒரே வண்டி மூப்பருடைய ஆட்டோ. நான் போய், “ஐயாவுக்கு ஒடம்பு சரியில்ல” என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் கொடுக்காமல்தான் வந்தார். ஆனால் சித்தூர் போகும் வழியில் முதல் வேகத்தடையில் ஐயர் போட்ட சத்தத்தைக் கேட்டு வண்டியை மெதுவாக்கினார். அதற்குப் பிறகு குடும்பத்தில் யாரையோ பிரசவத்துக்கு அழைத்துப் போவதுபோல, பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து விலக்கி ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். பை நிறைந்தது. அதை மாற்றி இன்னொரு பை வைத்தார்கள். நிறம் தேயிலைத் தண்ணீர்போல இருந்தது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார். மனிதர் முகத்தில் அப்படியொரு ஆறுதலை நான் பார்த்ததில்லை. டாக்டர் சின்ன வயதுக்காரர். “நீள்ளு தாகுதுன்னாரா லேதா?” என்று தெலுங்கில் அதட்டினார், தண்ணீர் குடிக்கிறீர்களா இல்லையா என்று. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன், அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்றார் ஐயர். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு எங்களுக்கும் புரியும்படி தமிழும் தெலுங்கும் கலந்து சொன்னார். வயதானால் ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி வீங்கி வழியை நெருக்குமாம். போனாலும் முழுதாகப் போகாது; மிச்சம் தேங்கும்; தேங்கினால் கிருமி சேரும். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மூத்திரம் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும், கல்லும் உண்டாகும். ஐயருக்குக் கிருமியும் இருந்தது, மூத்திரப்பைக்குள் கல்லும் இருந்தது. கிருமி அடங்கும்வரை குழாயோடு இருந்துவிட்டுத் திருப்பதிக்குப் போய் ஆபரேசன் செய்துகொள்ளச் சொன்னார்.

டாக்டர் போனதும் மூப்பர் கட்டிலருகே வந்தார்.

“ஐயா, இதுக்குத்தானா எங்க வூட்ல எல்லாம் தண்ணி குடிக்கல?”

“குடிச்சா உடனே போகணும், மூப்பரே. சில வீட்ல பாத்ரூம் கிடையாது. இருக்கிற வீட்ல அடுப்பங்கரையைத் தாண்டிப் போகணும், பொம்பளைங்க உக்காந்திருப்பாங்க. கேக்க வெக்கமா இருந்துச்சு. நீங்க ரெண்டு பேரும் வெளியில சொல்லிராதீங்க.”

“நாங்க சொல்லலன்னா, ஜனம் உங்கள வேற மாதிரி நெனச்சிக்கினு கீது.”

“எப்படி?”

மூப்பர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் அவரே சொன்னார். எங்கள் தண்ணீர் ஆகாது என்று ஐயர் ஒதுக்குவதாக ஊர் பேசுவதையும், வேன் பிடித்துப் போக இருந்ததையும் மறைக்காமல் சொன்னார். ஐயருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, “நீங்க யாரும் சொல்ல வேண்டாம்” என்றார். “நானே சொல்லிக்கிறேன்.”

ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்கு அவர் வந்தார். வேண்டாம் என்று அவருடைய மனைவி அழுதும் கேட்கவில்லை. அங்கிக்குள் குழாயும் பையும் இருந்தது சபையில் எனக்கும் மூப்பருக்கும் மட்டும்தான் தெரியும். பிரசங்க மேடையில் ஏறியதும் முதல் காரியமாக டம்ளரின் மூடியைத் திறந்து, எல்லோரும் பார்க்க, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். பிறகு, “எனக்கு மூத்திரம் அடைச்சிருக்கு” என்றார்.

அந்த மேடையிலிருந்து அப்படியொரு வார்த்தை அதுவரை வந்ததில்லை. பிள்ளைகள் சிரிப்பை அடக்கினார்கள். ஐயர் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் குடிக்கப் பயந்தது, வீடுகளைத் தவிர்த்தது, குழாய், பை எல்லாம். “உங்க வீட்டுத் தண்ணியை நான் ஒதுக்கலை. உங்க வீட்ல பாத்ரூம் எங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை” என்று முடித்தார். பெண்கள் பக்கத்திலிருந்து வயதான ஒருத்தி எழுந்து, “இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா ஐயா? எங்க வூட்டுக்காரரும் இதே கேசுதான்” என்றாள். அவளுடைய வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டார். அதற்குப் பிறகு சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஆராதனை முடிந்து வாசலில் அந்தப் பேச்சுதான். விலாவில் கல் வலி வந்து துடித்த கதையை ஒருவர் சொன்னார். எரிச்சல், சொட்டுச் சொட்டாகப் போவது என்று இன்னும் சிலர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஐயருடைய மனைவியைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். ஜூஸ் ஃபேக்டரியில் அத்தனை பேருக்கும் ஒரே கழிப்பறை; அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்து நீர்க்கடுப்பு வாங்கியவர்கள் அவர்களில் பலர். என் மனைவியும் ஒருத்தி. மாசக்கணக்காக இருந்ததாம். ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு அது அன்றுதான் தெரியும்.

வேன் பிஷப்பிடம் போகவில்லை. ஐயரைத் திருப்பதிக்கு அழைத்துப் போயிற்று. திரும்பி வந்து உடம்பு தேறியதும் அவர் மறுபடி வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டில் மனைவி கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, “பாத்ரூம் எங்கம்மா?” என்றார். அவள் அன்று விடியலிலேயே அதைத் தேய்த்துக் கழுவி, பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, புதுச் சோப்பு வைத்திருந்தாள். ஐயர் உள்ளே போனபோது அவள் முகத்தைப் பார்த்தேன். சொம்பை வாய் வைத்துக் குடித்தபோதுகூட எங்கள் தெருவில் யாரும் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. பிரசங்கம் மட்டும் பழையபடி ஒரு மணி நேரமாகிவிட்டது. “டாக்டரு கொஞ்சம் ரொம்பத்தான் நல்லா பண்ணிட்டாரு” என்றார் மூப்பர்.

அந்த ஐயர் மாற்றலாகிப் போய்ப் பல வருஷமாகிறது. இப்போது எனக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. போன மாதம் திருப்பதி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றேன். முன்னால் ஒரு சின்னப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி என்ன தொந்தரவு என்று தெலுங்கில் கேட்டாள். எனக்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக நீண்ட வரிசை. காய்ச்சல் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். பிறகு, “மூத்ரம் சரிகா ராவடம் லேது” என்றேன். சரியாகப் போகவில்லை என்று. கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் தட்டிக்கொண்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். தண்ணீரைக் குறைக்காதே, பகலில் நன்றாகக் குடி என்றார்.

இப்போதுள்ள ஐயர் இளைஞர். கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறார். ஆனாலும் டம்ளரைத் துலக்கி, நிரப்பி, அதே இடது ஓரத்தில் நான் வைக்கிறேன். அது நிரம்பியபடியே திரும்புகிறது. அதற்கு இப்போது அர்த்தம் ஒன்றும் இல்லை. போன ஞாயிறும் எடுத்துக்கொண்டு குரோட்டன்ஸ் செடியருகே போனேன். ஊற்றக் குனிந்தவன் நிமிர்ந்து, மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அங்கேயே நின்று முழுவதையும் குடித்தேன்.