கானரும் கோனாரும் ஒருவரே

எங்கள் அண்ணன் கண்மூடி இன்றோடு ஓராண்டு. திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு, அண்ணன் கடைசிவரை சுமந்த பெயரைப் பற்றிச் சொல்ல நினைக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது பூந்தமல்லியில். அங்கிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்தில் எங்கள் தாத்தாவின் தாத்தா அயர்லாந்துச் சிப்பாய். அவருடைய குடும்பப் பெயர் கானர். நிறமும் மொழியும் எங்களிடம் தங்கவில்லை, பெயர் மட்டும் தங்கியது. ஞானஸ்நானச் சீட்டில் அண்ணனுக்கும் அதுதான். பள்ளியில் சேர்த்தபோது எழுத்தர் காதில் அது கோனார் என்று விழுந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்.

அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ஆவடித் தொழிற்சாலையில் அண்ணனுக்கு வேலை கிடைத்தது.

"இன்னா கோனாரே, பால் கறந்துட்டு வரியா?" என்று கூட்டாளிகள் சீண்டுவார்கள்.

"உனக்கு மட்டும் தண்ணி கலந்து வெச்சிகீறேன் மாமே" என்பார்.

ஓய்வு பெறும்வரை ஆவடிக்குப் பக்கத்தில் அதே கோவில்பதாகை வீடு, அதே சைக்கிள், அதே தொழிற்சாலை கேட். நான் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போனேன். பாதியில் நின்ற நான் பள்ளிச் சான்றிதழே வாங்கவில்லை. அதனால் எந்தப் பெயரும் என்னைப் பிடித்துவைக்கவில்லை.

அண்ணன் மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தது அயர்லாந்தில். அங்கே பேரன் பிறந்தான். அவனைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் பாஸ்போர்ட் கேட்டார். ஞானஸ்நானச் சீட்டில் கானர், பென்ஷன் தாளில் கோனார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கச் சொன்னார்கள். ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று பொருந்தவில்லை. இரண்டு வருடம் அலைந்தார். நெஞ்சுவலியும் வந்தது.

ஒருநாள் மகள் கடைப் பலகை ஒன்றின் படம் அனுப்பினாள். எங்கள் பெயர், அதற்கு முன்னால் ஓர் 'ஓ'.

"ஓ-ன்னா பேரன்னு அர்த்தமாம்பா. இங்க நெறைய பேருக்கு நம்ம பேருதான்."

அண்ணன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பேரும் அங்க, பேரனும் அங்க. நான்தான் இங்கயே கீறேன்டா."

அதற்குப் பிறகு பத்து நாள்தான் இருந்தார்.

நெஞ்சுவலியில் விழுந்த அண்ணனைத் தோளில் தூக்கி ஓடிய எதிர்வீட்டாருக்கும், அண்ணியாரைத் தனியே விடாத பங்குக் கோயில் பெண்களுக்கும், கையெழுத்துக்காகக் கூடவே அலைந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் குடும்பத்தார் சார்பில் கைகூப்புகிறேன்.

கல்லறைக்குக் கல் வெட்டுபவர் என்ன பெயர் என்று கேட்டார். கானர் என்றோம். அவர் அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை.