தண்ணீர்த் தொட்டியில் வலது

என் தங்கையின் கணவர் அரசு மருத்துவமனையில் முப்பத்தொரு ஆண்டுகளாக லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுவிட்டால் மற்றவர்கள் கீழே காத்திருப்பார்கள். அவர் பழுது பார்க்கும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏழாவது மாடி இயந்திர அறைக்குப் படியேறுவார். இரண்டு முழங்கால்களும் அப்படித்தான் தேய்ந்தன.

"மேலயும் கீழயும் போயே ஆயுசு போயிடுச்சு மச்சான். ஒரு தடவையாவது குறுக்க போகணும்" என்பார்.

குறுக்கே என்று அவர் சொன்னது, எங்கள் சைக்கிள் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் கடலுக்குக் கடல் ஓட்டத்தை. மேற்குக் கடலில் பின்சக்கரத்தை நனைத்துவிட்டுச் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் புறப்பட வேண்டும். 402 கிலோமீட்டர். வழியில் ஆறு இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கி, ஞாயிறு மாலை மூன்று மணிக்குள் கிழக்குக் கடற்கரையில் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகுதான் முன்சக்கரத்தைக் கடலில் நனைக்கலாம். முதல் முறை ஆரக்கம்பி உடைந்து திரும்பினார். இரண்டாம் முறை வெயிலில் வாந்தியெடுத்து லாரியில் வந்தார். மூன்றாவதுதான் கடைசி. அடுத்த வியாழக்கிழமை இரண்டு முழங்கால்களுக்கும் அறுவை சிகிச்சை. அதன் பிறகு நெடுந்தூரம் சைக்கிளே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் துறைமுகத்தில் கடல் நீர்மட்டத்தைக் குறித்து வைக்கும் வேலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் இருந்தவன். அதனால் கரையில் பதிவேடு என் பொறுப்பு. மற்றவர்கள் ஃபோனில் வழி பார்த்துப் போவார்கள். வெயிலில் ஃபோன் எழுத்து மாப்பிள்ளைக்குத் தெரியாது. அவருக்காக நான் நான்கு நாள் அந்தச் சாலையில் போய், ஒவ்வொரு திருப்பத்தையும் தூரத்தோடு குறித்து, பெரிய எழுத்தில் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணா எழுதினா கல்வெட்டுதான். படிச்சுப் பார்க்காமலே இவரு நம்பிடுவாரு" என்றாள் தங்கை.

"உன்னைக்கூட அவர் பேச்சை நம்பித்தானே கட்டினேன்" என்றார் மாப்பிள்ளை.

ஞாயிறு ஒன்று ஐம்பதுக்குப் பல் டாக்டர் ஒருவர் ஓட்டி முடித்து வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"லிஃப்ட் அண்ணன் எங்க? தூங்கப் போயிட்டாரா?"

"இன்னும் வரலையே."

"அதெப்படி? முன்னூறாவது கிலோமீட்டர்ல, ஆறாவது முத்திரையில எனக்கு அரை மணி முன்னாடி கிளம்பியிருக்காரு. அங்க எழுதியிருந்ததைப் பார்த்தேனே."

தங்கை என்னைப் பார்த்தாள். அவர் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகவே பதில் வந்துகொண்டிருந்தது. பையிலிருந்து என் கைக்குறிப்பையும், அவருக்குக் கொடுத்த தாளின் கார்பன் பிரதியையும் எடுத்து வரிவரியாக ஒப்பிட்டேன். கைக்குறிப்பில் ஒரு பக்கத்தின் கடைசி வரி: 318.6, சிமெண்ட் தண்ணீர்த் தொட்டி, வலது. பிரதியில் அது இல்லை. பக்கம் திருப்பும்போது விட்டிருக்கிறேன். நகல் எடுத்ததும் மூன்று முறை சரிபார்த்தேன்தான். ஆனால் நான் பார்த்தது மொத்தத் தூரத்தை. ஒவ்வொரு வரியிலும் புறப்பட்ட இடத்திலிருந்தே தூரம் போட்டிருந்ததால், நடுவில் ஒரு வரி போனாலும் கடைசி எண் 402 என்றுதான் நிற்கும்.

அடுத்த திருப்பம் 332.9. அதுவரை நேராகவே போயிருப்பார். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால், சைக்கிளின் தூர மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்று இன்னும் கொஞ்சம் போயிருப்பார். அப்போது மணி இரண்டு பத்து. பதிவேட்டை விட்டு எழுந்து போகவும் முடியாது. போய்த்தான் எங்கே என்று தேடுவது? தங்கையிடம் சொன்னேன். அவள் அவருக்கென்று கொண்டுவந்திருந்த துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

மூன்று மணிக்குப் பதிவேட்டில் கோடு போட்டேன். சங்க விதிப்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து உடனே தலைமையிடத்துக்கு அனுப்பினேன்.

மூன்று முப்பத்தேழுக்கு வந்தார். இறங்கத் தெரியாதவர்போல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றார்.

"கடையை மூடியாச்சா மச்சான்?"

"மூணு மணிக்கே மூடியாச்சு, மாப்பிள்ளை. தாள்ல ஒரு வரி விட்டுட்டேன். தண்ணித் தொட்டியில வலது."

அவர் ஹேண்டில்பாரில் செருகியிருந்த தாளை எடுத்துப் பார்த்தார்.

"அங்க நின்னேன் மச்சான். எல்லா டயர் தடமும் வலது பக்கம்தான் திரும்பியிருந்தது. உங்க தாள்ல இல்லையேன்னு நேரா போனேன்."

"தடத்தைப் பார்த்துப் போறதுக்கென்ன? கண்ணு எதுக்கு இருக்கு?" என்று கேட்டாள் தங்கை.

"தாளைப் படிக்கத்தான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தப்பு உன்னுதுதானே அண்ணா? நீயே ரெண்டு ஐம்பத்தஞ்சுன்னு போட்டுட்டா யாரு கேக்கப்போறா?"

"பக்கத்தை அனுப்பியாச்சும்மா."

அனுப்பாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளை என்னைக் கேட்கவே இல்லை. கோட்டுக்குக் கீழே அவர் பெயரையும் நேரத்தையும் எழுதி, குறிப்பு என்ற இடத்தில், வழித்தாளில் பிழை, எழுதியவன் நான், என்று சேர்த்தேன். வழியைத் தெரிந்துகொள்வது ஓட்டுபவரின் பொறுப்பு என்று பத்தாம் நாள் தலைமையிடத்திலிருந்து பதில் வந்தது.

அன்று நாங்கள் நின்ற இடத்திலிருந்து கடல் எண்பது அடி.

"வந்ததுதான் வந்தீங்க, சக்கரத்தை நனைச்சுட்டு வாங்க. மூணு மணிக்கு மேல கடல் வத்தியா போகுது?" என்றாள் தங்கை.

"வேண்டாம். முழங்கால் மணல்ல இறங்காது" என்றார். அது உண்மைதானா என்று எனக்குத் தெரியாது. சைக்கிளை வேன் வரை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். பின்டயரின் பள்ளங்களில் மேற்குக் கரை மணல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. முன்டயரில் சாலைப் புழுதி மட்டும்.

வியாழக்கிழமை காலை அவரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, அவர் பராமரிக்கும் அதே லிஃப்டில் நான்காவது மாடிக்குக் கொண்டு போனார்கள். நானும் உடன் போனேன். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அவர் கண்ணைத் திறந்தார்.

"கதவு உருளையில சத்தம் வருது பாருங்க. நான் வேலைக்கு வர ரெண்டு மாசம் ஆகும். புதுசா வர்றவனுக்குத் தெரியாது. எழுதி வைங்க மச்சான்."

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினேன்.

"என்ன எழுதினீங்க? படிங்க."

படித்துக் காட்டினேன். ஒரு வரிதான்.

"சரியா இருக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.