ஆள் இருக்கணுமாம்

எங்கள் நைட்டி வியாபாரத்துக்கு ஜிஎஸ்டி பதிவு கேட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தேன்.

இன்று ராஜபாளையத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது முகவரியைச் சரிபார்க்க வந்த அதிகாரி போன் செய்தார். "உங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம். போர்டு இருக்கு, ஆளைக் காணோமே. ஆள் இல்லன்னா பதிவு கிடைக்காதும்மா."

உள்ளே கணவர் இருக்கிறார். போலீஸ்காரர், இரவுப் பணி முடிந்து தூங்குகிறார். நான் அழைத்தும் போனை எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு மேரி அக்காவைக் கூப்பிட்டேன். "செத்த நேரம் பொறு, எழுப்புதேன்." அவர் ஜன்னலைத் தட்டிய சத்தம் போனில் எனக்கே கேட்டது.

சற்றுப் பொறுத்து என் கணவரே அழைத்தார். "போர்டு பக்கத்துல நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டு, எல்லாம் சரின்னுட்டுப் போயிட்டாவ. நான் தூங்கப் போறேன்."

அப்பாடா என்று துணிக்கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரசாங்கத்துக்கு எங்கள் நிறுவனத்தின் முகம் இனி லுங்கி கட்டிய, பாதித் தூக்கத்தில் நிற்கும் ஒரு போலீஸ்காரர்தான்.

உங்கள் நிறுவனத்துக்கு யார்?