பெரியம்மா போடாத விண்ணப்பம்

பெண்கள் சிறையில் இருபத்திரண்டு வருடமாக நர்ஸாக இருப்பவளை எல்லாரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் கொஞ்சம் நீளம். கர்ப்பிணிக்கு மாத்திரை கொடுத்தால் விழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே நிற்பாள். வாந்தி எடுத்தால் திட்டிக்கொண்டே முதுகைத் தடவிவிடுவாள். பிரசவ வலியில் துடிப்பவளின் கைவிலங்கை அவிழ்க்காமல் ஆஸ்பத்திரி வண்டியை நகரவிட மாட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு பயம் உண்டு. தாயும் பிள்ளையும் சேர்ந்து தங்கும் அறைக்கு எட்டாம் மாதமே விண்ணப்பம் போட வேண்டும். வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு கைதிக்காக அப்படித்தான் போட்டாள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. தயாராக இருந்த தொட்டிலைப் பார்த்து அந்தத் தாய் அழுத அழுகை இவள் காதைவிட்டுப் போகவேயில்லை. அன்றிலிருந்து, பிள்ளை உயிரோடு சிறை வாசலுக்கு வந்து சேர்ந்தபிறகுதான் பேனாவைத் தொடுவாள். பழைய அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிடுவார்.

புது அதிகாரியம்மா வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான்கு நாள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இளம்பெண்ணைக் கூட்டிப்போகப் பெரியம்மா வாசலுக்கு வந்தாள். வாசல் காவலர் மறித்தார்.

"போனது ஒரு ஆள், வந்தது ரெண்டு. பிள்ளைக்கு அனுமதிச் சீட்டு இல்லையே பெரியம்மா. நாலு மணிக்குக் குழந்தைகள் காப்பகத்து வண்டி வருதாம்."

அப்போதே மணி மூன்று. இளம்பெண் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு பெரியம்மாவின் முகத்தையே பார்த்தாள். பெரியம்மா தன்னையே நொந்துகொண்டாள். தன் கோழைத்தனத்துக்கு இந்தப் பச்சைமண்ணா தண்டனை அனுபவிப்பது? மூச்சிரைக்க அலுவலகத்துக்கு ஓடினாள்.

"ஏன் விண்ணப்பம் போடலை?" என்றார் அதிகாரியம்மா.

"தப்பு என்னோடதும்மா. அந்தப் பொண்ணு ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டேதான் இருந்தா." காரணத்தையும் மறைக்காமல் சொன்னாள்.

அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இதை அப்படியே எழுதிக் கொடுங்க. உங்க கோப்புல ஏறும். ஆனா அது இருந்தாத்தான் தாமதத்துக்குக் காரணம் காட்டி நான் அனுமதி தர முடியும்."

"இத்தனை வருஷத்துல என் பேர்ல ஒரு கரும்புள்ளி கிடையாதும்மா."

"தெரியும். எழுதறீங்களா?"

"பேனா குடுங்க."

மூன்றே முக்காலுக்குச் சீட்டு வாசலுக்கு வந்தது. "உங்களால இப்ப பலகையில உள்ள ஆள் எண்ணிக்கையை அழிச்சு எழுதணும்," என்று காவலர் முணுமுணுத்தார்.

"எழுதுங்க. கை என்ன தேஞ்சா போயிடும்?"

அறைக்குள் வந்தபிறகுதான் இளம்பெண் வாய்விட்டு அழுதாள். "நல்லா அழு. பிள்ளை மூஞ்சியில சொட்டாம அழு," என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. காப்பகத்து வண்டி வந்து, வெறுமனே திரும்பும் சத்தம் கேட்டது.

கதவோரம் இன்னொருத்தி நின்றாள். எட்டு மாதம்.

"பெரியம்மா, என்னோடது?"

"உள்ள வா. இப்பவே எழுதிடுவோம்."

"உங்க கை நடுங்குதே."

"நடுங்கட்டும். எழுத்து புரியுதா பாரு."